பாதி அராவிய பிறை

விறகடுப்பில் ஏற்றுகிற பெரிய செப்புக் கிடாரத்துக்கு வெளியே சாம்பல் பூசுவது எதற்கென்று உங்களுக்குத் தெரியும்தானே? கரி ஏறி ஒட்டாமல் இருக்கத்தான். சாம்பலைத் தண்ணீரில் குழைத்து அடியிலும் இடுப்பளவிலும் தடவிவிட்டால், சமையல் முடிந்தபின் ஒரு வாளி தண்ணீர் ஊற்றக் கரியெல்லாம் சாம்பலோடு கழன்று போய்விடும். தேய்க்கிற தேங்காய்ப் பொச்சும் மிச்சம், கைநோவும் மிச்சம். வதனிக்கு இது சின்ன வயதிலேயே தெரியும். நெருப்பு நாக்கு எட்டுகிற இடம்வரை பூசினால் போதும் என்பதும் தெரியும். பிறகு ஏன் இன்று விடிய எழும்பி, கிடாரத்தின் கழுத்துக்கும் மேலே, வளையம் தொங்குகிற இடத்தில், நெருப்பு ஒருநாளும் எட்டாத இடத்தில், காய்ந்ததும் இன்னொரு தரம், அது காய்ந்ததும் இன்னொரு தரம் என்று அப்பினாள்? கேட்டால் கழுவ லேசு என்று சொல்ல இருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. அவளுடைய மனுசன் சிவரூபன் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் கொண்டுவந்து சந்தி வேம்படியில் கிடாரத்தை இறக்கி, மூன்று கல்லையும் ஆட்டிப் பார்த்து, இதென்ன பொம்பிளைக்கு முகப்பூச்சுப் பூசின மாதிரி என்று சிரித்துவிட்டுக் கதிரை எடுக்கப் போனான். மகள் ஆரபி மட்டும் விரலால் சாம்பலில் ஒரு கோடு இழுத்தாள். எந்த இடத்தில்? சரியாக அந்த இடத்தில். பிள்ளைகளின் விரலுக்கு எங்கே போகக்கூடாதென்பது எப்படித்தான் தெரிகிறதோ. வதனி கையைத் தட்டிவிட்டு அந்தக் கோட்டின்மேல் இன்னொரு பிடி சாம்பலை அப்பினாள். தட்டின தட்டுக் கொஞ்சம் பலமாகிவிட்டது. பிள்ளை அழவில்லை, அடித்த கையைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வை இப்போதும் முதுகில் நிற்கிறது.

கஞ்சியைக் கிண்ட வேண்டும், விடாமல் கிண்ட வேண்டும், இது ஒரு வீட்டு அரிசி இல்லை, வீட்டுக்கு ஒரு பிடி என்று ஊரெல்லாம் சேர்த்த அரிசி. சிவப்புப் பச்சையரிசி ஒரு பக்கம், நாட்டரிசி ஒரு பக்கம், யாரோ வசதியான வீட்டுச் சம்பாவும் கிடக்கிறது. ஒன்று கரைந்து கூழாகிற நேரத்தில் மற்றது பல்லில் கடிபடும், விட்டால் கரைந்தது போய் அடியில் பிடிக்கும். துடுப்பு மாதிரி நீளமான அகப்பையை இரண்டு கையாலும் பிடித்து வலமாக நாலு சுற்று, இடமாக நாலு சுற்று. அரிசி, தண்ணீர், அவ்வளவுதான். உப்பு இல்லை. வருசம் முழுக்க எத்தனை கறிக்கு எத்தனை உப்பென்று கை தன்பாட்டில் அள்ளிப் போடும், சண்டையில் செத்தவர்களை நினைக்கிற இன்றைக்கு மட்டும் அந்தக் கையைக் கட்டிப் போட வேண்டும். அந்தக் கடற்கரைத் துண்டில், சண்டையின் கடைசி மாதங்களில், கடல் பக்கத்தில் கிடக்க உப்பில்லாமல் கஞ்சி குடித்தார்கள் என்றால் ஆரபி நம்ப மாட்டாள். கடல் தண்ணியை ஊத்தியிருக்கலாமே அம்மா என்று போன வருசம் கேட்டாள். கேள்வியில் பிழையில்லை. செல்லடி கடலுக்குப் போக விட்டால்தானே. வதனிக்கு அப்போது ஆரபியைவிட மூன்று மடங்கு வயது. மீன் அடைத்துவந்த தகரப் பேணியைச் சட்டை ஓரத்தால் துடைத்துத் துடைத்து வரிசையில் நின்றாள்; பேணியின் விளிம்பு கூர், உதட்டை வெட்டும், அதனால் ஓரமாக வைத்து உறிஞ்ச வேண்டும், அதுகூட ஒரு வித்தை, அதிலே கெட்டிக்காரி என்று பெயர் எடுத்திருந்தாள். வரிசையின் தலைப்பில் அப்பா. அரைவாசியாய் வெட்டின தார்ப் பீப்பாவில் கஞ்சி கிண்டிக்கொண்டு, பிள்ளையளுக்கு முதல், பிள்ளையளுக்கு முதல் என்று சொல்லிக்கொண்டு, சொந்த மகளுக்கு ஒரு சொட்டும் கூட ஊற்றாமல். அதுக்கு அவளுக்குக் கோபம். கோபத்தில் பேணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அப்பாவைப் பார்க்கவில்லை. பிறகு சத்தம். பிறகு மண். அப்பாவை அவள் கடைசியாகப் பார்த்தது எப்போதென்று யோசித்தால் அதற்கு முதல் நாள்தான் வருகிறது, அன்றைக்கு இல்லை, கோபமாய் இருந்தபடியால். வலமாக நாலு. நெருப்பைக் கொஞ்சம் இழுத்துவிட வேண்டும், பொங்கப் போகிறது.

பொங்கினால் வழியும். வழிந்தால் சாம்பல் கரையும். இதை யோசிக்காமல் பூசினாளே, என்ன மண்டை இது. ஒரு கொள்ளியை இழுத்து மண்ணில் குத்தினாள். குனிந்தபோது அந்த இடம் கண்ணுக்கு நேரே வந்தது. சாம்பல் காய்ந்து, வயல் வெடிப்பு மாதிரி மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன. அதற்குள்ளே இருக்கிறது. சின்ன வயதில் அது என்ன என்று அப்பாவைக் கேட்டபோது நிலா என்றார். நிலாவுக்கு ஏன் பாதி இல்லை என்றதற்கு, நிலா எண்டால் தேயும்தானே பிள்ளை என்றார். நல்ல பதில், நித்திரைக்கு முதல் கேட்கிற பிள்ளைக்குப் போதுமான பதில். செப்பில் உளியால் வெட்டின பிறை. அதில் ஒரு முனை கூராக, அழகாக, செய்தவனின் கை தெரிகிறமாதிரி. மற்ற முனையில் அரம் போட்டு அராவின கீறல், கீறலுக்குமேல் கீறல், நடுவரை வந்து நின்றுபோன கீறல். ஏன் நின்றது? அரம் மொட்டையாகி இருக்கலாம். அம்மா சாப்பிடக் கூப்பிட்டிருக்கலாம். ஆரும் படலையைத் திறந்திருக்கலாம். வதனிக்கு விருப்பமான காரணம் ஒன்றிருக்கிறது, ஆனால் விருப்பமானது என்பதற்காக அதை நம்பக்கூடாது என்று தனக்குள்ளே ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். அரம் மொட்டையாகத்தான் இருந்திருக்கும். இந்தக் கிடாரத்தை அப்பா இடம்பெயர்கிற நேரத்தில் பலாவடியில் கிடங்கு வெட்டிப் புதைத்தார். தையல் மெசினை அதற்குள்ளே இறக்கி, கோணிச் சாக்கால் மூடி, மண்ணைத் தள்ளி, மேலே நின்று மிதித்து, திரும்பி வந்து எடுப்பம் என்றார். சண்டை முடிந்து முகாமிலிருந்து விட்ட பிறகு அவர் இல்லாமல் வந்து தோண்டினார்கள். வீடில்லை, பலா இல்லை, அடிக்கட்டை மட்டும். சிவரூபன் அப்போது பக்கத்துக் காணிப் பெடியன், மண்வெட்டியோடு உதவிக்கு வந்தவன், அன்றைக்குத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தவன், அது வேறு கதை, அவன் சொல்கிறபடி கிடாரம் தோண்டப் போய் அகப்பட்டவன். மண்வெட்டி செப்பில் பட்டு ணங் என்றது. களிம்பு பிடித்துப் பச்சையாய் வெளியே வந்ததை அம்மா கட்டிப்பிடித்து அழுதா. மனுசனைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி. புதைக்க உடம்பு கிடைக்காதவளுக்குப் புதைத்த கிடாரமாவது திரும்பி வந்தது. அதிலிருந்து வருசா வருசம் இந்த நாளில் ஊருக்கே இதுதான் கிடாரம். குணநாயகத்தாரின் கிடாரம் என்று அப்பாவின் பெயரே அதற்குப் பெயர். சண்டைக்குத் தப்பின கிடாரம். அதைச் சொல்லும்போது வதனிக்குக் கழுத்துக் கொஞ்சம் நிமிரும்.

கிடாரம் யாருடையதென்று தெரியாதா என்றால், தெரியும். முகாமில் ஒருநாள் தண்ணீர் வரிசையில் நின்று களைத்துவந்த அம்மா, அலுப்பில், யாரையோ திட்டுகிற திட்டோடு சேர்த்துச் சொன்னா: நீங்கள் பிறக்க முந்தி, சோனக, முஸ்லிம் ஆக்களைத் துவக்கோடு வந்த எங்கட இயக்கப் பெடியள் ஊரைவிட்டு அனுப்பின நேரம், உடுத்த உடுப்போடு அதுகள் போன அடுத்த நாள், ஊர்ச்சனம் வீடுகளுக்குள்ளே புகுந்தது, கதவு கழட்டினவை, ஓடு கழட்டினவை, உங்கட கொப்பர் ஒண்டும் எடுக்காமல் இருந்து இருந்து, கடைசியாய்ப் பள்ளிவாசல் கிடாரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவர், ஆராவது எடுக்கத்தானே போறாங்கள் எண்டு. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. வதனியும் கேட்கவில்லை. தெரிந்ததை எடுத்து அதற்கும் ஒரு கிடங்கு வெட்டி, மண்ணைத் தள்ளி, மேலே நின்று மிதித்துவிட்டாள். மண்ணுக்குக் கீழே கிடந்தாலும் செப்பு உக்காது.

அந்தக் கிடங்கைத் தோண்டினது ஜெசீமா. அவளுக்குத் தெரியாமலே. இரண்டு பேருடைய பிள்ளைகளும் ஒரே முன்பள்ளி, படலையடியில் நின்று கதைத்துக் கதைத்துச் சிநேகமானவர்கள். புத்தளத்து அகதிக் கொட்டிலில் பிறந்து, மனுசனோடு இந்த ஊருக்கு, அவள் சொல்கிறபடி ஒருநாளும் காணாத சொந்த ஊருக்கு, வந்து நாலு வருசமாகிறது. வாய்க்காரி. போன வருசம், கிடாரத்துக்குக் கிட்ட வராமல் கதிரையில் இருந்தபடியே இந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு, இது என்ன மச்சாள், ஆஸ்பத்திரியில வயித்தோட்டத்துக்குக் குடுக்கிற கஞ்சி மாதிரி என்றாள். சொல்லிவிட்டு, வதனி காரணம் சொன்னதும், தேங்காய்ச் சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மிச்சத்தை மெதுவாகக் குடித்து முடித்தாள். நோன்புக்கு அவள் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது, பால் விட்டு, இஞ்சி, இரம்பை, வெந்தயம் போட்டு. உங்களுக்கெண்டு மாடு போடாமல் கோழி போட்டது, பயப்படாமல் குடியுங்கோ என்ற செய்தியோடு வாளி வந்தது. ஆரபி வாளியை வழித்து நக்கினாள். போன கிழமை வதனி தன்பாட்டில், சந்தோசத்தில், வாயில் வந்தபடி சொன்னாள், புத்தளத்திலிருந்து உங்கட வாப்பா வந்து நிற்கிறார் எண்டால் அவரையும் கஞ்சிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோவன் என்று. ஜெசீமா முகமெல்லாம் சிரிப்பாய், வாப்பாவுக்குக் கஞ்சியெண்டால் உசிர், இந்த ஊர்ப் பள்ளியில நோன்புக் கஞ்சி அவர்தான் கிண்டுறவராம், நோன்போடு உப்புப் பார்க்கேலாதுதானே, ஆவியை மணந்தே உப்புச் சரியோ எண்டு சொல்லுவாராம். வளையத்துக்குப் பக்கத்தில பிறை வெட்டின செப்புக் கிடாரமாம். கொட்டிலுக்குள்ள மழை ஒழுகிற நாளெல்லாம் எங்களுக்கு அந்தக் கிடாரக் கதைதான், திரும்பிப் போய் எடுப்பம், திரும்பிப் போய் எடுப்பம் எண்டு சொல்லிச் சொல்லியே எங்களை நித்திரையாக்குவார் என்றாள். வதனி சிரித்தாள். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது, யாரோ கழற்ற மறந்த வேசம் மாதிரி. திரும்பி வந்து எடுப்பம். திரும்பிப் போய் எடுப்பம். இரண்டு தகப்பன்மார், இரண்டு இடத்தில், ஒரே கிடாரத்தைப் பார்த்து. இதிலே எந்தப் பிள்ளை நித்திரை கொள்வது?

நேற்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். வாறவர் பள்ளியில் கஞ்சி கிண்டின வாப்பாதான், கண்டால் கண்டுபிடிப்பார், நாங்களே சொன்னால் என்ன என்று. அம்மா சுளகை நிலத்தில் வைத்தா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் வதனிக்கு லேசாக இருந்திருக்கும்.

"பிள்ளையளுக்குக் கஞ்சி ஊத்திக்கொண்டு நிண்டு செத்த மனுசன். அந்த மனுசனைக் கள்ளன் எண்டு சொல்லப் போறியோ? அதுவும் அவற்றை நாளில?"

 வதனி சுளகை எடுத்து மிச்ச அரிசியைப் புடைத்தாள். விடிய எழும்பிச் சாம்பலைக் குழைத்தாள். இப்போது இடமாக நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அம்மாவுக்குப் பதில் தேடுகிறாள், பதில் அகப்பையில் தட்டுப்படாதா என்று. அப்பா நல்லவர். ஓம். அப்பா எடுத்தார். ஓம். ஒன்று மற்றதை அழிக்காதா? கஞ்சி ஊற்றின கைதானே சைக்கிளில் கயிறு கட்டியது. நல்லவர் என்பதை மேலே போட்டு எடுத்ததை மூடலாம். எடுத்ததை மேலே போட்டு நல்லவரை மூடுகிறவர்களும் இருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாதா, சிவப்பரிசியும் சம்பாவும் ஒரு கிடாரத்தில் வேகிறமாதிரி? வேகத்தான் நேரமெடுக்கும். அதோ சந்தி மூலையில் செத்தவர்களின், காணாமல் போனவர்களின் படங்களைத் தொங்கவிடக் கயிறு கட்டுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் தாய்மார் படங்களைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அரசாங்கத்திடம் என்ன கேட்கிறோம் வருசா வருசம்? காசா கேட்கிறோம்? நடந்ததைச் சொல்லுங்கோ, செய்ததைச் செய்தோம் எண்டு சொல்லுங்கோ, அவ்வளவுதானே. சொல்லாமல் மேலே றோட்டுப் போட்டு, கட்டடம் கட்டி, பூங்கண்டு நட்டு மூடினால் எங்களுக்கு வயிறு எரிகிறது. எரியத்தான் வேண்டும். பிறகு இந்தச் சாம்பல் என்ன? வதனி தன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் சாம்பல். பிள்ளையைத் தட்டின கை. அரத்தைப் பிடித்த அப்பாவின் கைக்கு இந்தக் கை பிள்ளை. அப்பாவாவது பாதியில் விட்டார். நான் மூன்று பூச்சுப் பூசி முழுக்க மூடினேன்.

ஆளரவம் கேட்டது. றோட்டால் ஜெசீமாவின் குடை வருகிறது. பக்கத்தில் வெள்ளைத் தொப்பி, மெலிந்த உருவம், ஒவ்வொரு காணியாக நின்று நின்று பார்த்துக்கொண்டு, பார்த்தபடியால் பிந்திப் பிந்தி வருகிற நடை. இன்னும் நேரம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை வேம்பின் பக்கம் திருப்பலாம். கொதிக்கிற கிடாரத்தை யார் திருப்புவது. சாக்கைப் போடலாம், சூடு என்று சொல்லலாம். சொல்வதற்கு ஆயிரம் இருக்கிறது. வாளிக்குள் ஈரத்துணி கிடந்தது. அதை எடுத்துப் பிழிந்தாள். பிழிந்தவுடனே கை தானாகப் போகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்; ஒரு முழுச் சுற்றுக் கிண்டி முடிக்கிற நேரம் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் சுளகு ஞாபகம் வந்தது. தார்ப் பீப்பாவும், அதைப் பார்க்காமல் பேணியைப் பார்த்துக்கொண்டு நின்றதும். பார்க்காமல் விட்டது அது ஒன்று போதும். துடைத்தாள். செப்புச் சூட்டில் துணி சீ என்று ஆவி விட்டது, விரல் சுட்டது, சாம்பல் சேறாகி வழிந்தது. கூர் முனை வெளியே வந்தது. பிறகு கீறல்.

ஜெசீமாவின் வாப்பா மீராசாய்பு கிட்ட வந்து, முதலில் கஞ்சியைத்தான் பார்த்தார். பிறகு வளையத்தை. பிறகு அவர் கண் ஓரிடத்தில் நின்றது. ஜெசீமா என்னவோ சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்தினாள். அவர் கையை நீட்டி, சூட்டுக்குப் பயந்து பின்னுக்கிழுத்து, கைலேஞ்சித் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் நீட்டித் தடவினார். முழு முனையிலிருந்து அராவின இடம்வரை. விரல் அங்கே வந்ததும் நின்றது.

"இதை ஆர் அராவினது?"

வதனி அகப்பையை நிறுத்தினாள். படங்கள் கட்டுகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று நினைத்தாள், அவர்கள் பார்க்கவில்லை. "எங்கட அப்பா," என்றாள். "குணநாயகம். பள்ளியில இருந்து அவர்தான் எடுத்துக்கொண்டு வந்தவர். இது உங்கட கிடாரம், வாப்பா."

அவர் ஒரு கதிரையை இழுத்து, அடுப்புக்கு முதுகு காட்டி இருந்தார். ஜெசீமா வதனியைப் பார்க்கவில்லை, குடையைச் சுருக்குவதும் விரிப்பதுமாய் நின்றாள். பழைய வாய்க்காரியின் ஒரு சொல்லுக்கு வதனிக்குத் தவிப்பாய் இருந்தது, ஆஸ்பத்திரிக் கஞ்சி என்றாவது சொல்ல மாட்டாளா. வலமாக நாலு. அரிசி மலர்ந்துவிட்டது, சம்பாவும் மலர்ந்துவிட்டது. முதுகைத் திருப்பாமலே கிழவர் கேட்டார், குணம் எண்டது வைரவர் கோயிலடிப் பெடியனோ என்று. ஓம் என்றாள். தூக்குச்சட்டியோடு பள்ளி மதிலடியில் நிற்பான், நோன்பு மாதம் முழுக்க, முதல் அகப்பை அவனுக்குத்தான் ஊற்றுகிறது, அந்தப் பெடியன் எடுத்தானா என்றார். அதிலே கோபம் இருந்ததா, வேறு ஏதும் இருந்ததா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. முதல் அகப்பை. சொந்த மகளுக்கு ஒரு சொட்டும் கூட ஊற்றாத அப்பா, இந்தக் கிடாரத்திலிருந்து முதல் அகப்பை வாங்கிக் குடித்தவர். அம்மாவுக்குக்கூட இது தெரிந்திருக்காது. அராவிக்கொண்டு வரும்போது அவருக்கு அந்த ருசி நினைவு வந்து கை நின்றிருக்கும். அரம் மொட்டையாகவும் இருந்திருக்கலாம். இரண்டும் இருந்திருக்கலாம்.

ஆரபி அதற்குள் சிரட்டையில் கஞ்சியை ஏந்திக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள், உப்பில்லை எண்டு முதலே சொல்லிப்போட்டுக் குடுக்கவேணும் என்று பழக்கினபடி, உப்பில்லை என்று சொன்னாள். அவர் உடனே வாங்கவில்லை. சிரட்டை சரிந்து கஞ்சி சிந்தத் தொடங்கிய பிறகுதான் வாங்கினார். ஆவியை மணந்து பார்த்தார், பழக்கத்தில். மணந்துவிட்டு, ஓம், இல்லைத்தான் என்றார். குடித்தார். குடித்து முடித்தபின் கிடாரத்தின் பக்கம் திரும்பி, நோன்புக்கு முதல் பள்ளிக்கு வந்திட வேணும், ஈயம் பூசுகிறவனிடம் குடுத்து இந்தக் கீறலையெல்லாம் தேய்த்து மினுக்கி, பிறையைப் புதிதாய் முழுசாய் வெட்டினால்தான் பள்ளிக்கு அழகு என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்தது. கடுமை அவருக்கு உரிமையானது என்று வதனி நினைத்தாள். சிவரூபன் லாண்ட்மாஸ்ரரிலேயே கொண்டுவந்து இறக்குவான் என்றாள். அம்மா தூரத்தில், வேலியோரம், அப்பாவின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வருவது தெரிந்தது. சாம்பல் துடைத்த இடம் அந்தத் தூரத்துக்கும் தெரிந்திருக்கும். அவ நின்றா. பிறகு கிடாரத்தடிக்கே நடந்தா. வதனி அகப்பையைக் கிடாரத்தின் விளிம்பில் சாத்தி வைத்தாள்.

"வாப்பா, பக்கத்தில புதுசா முழுசா வெட்டுங்கோ," என்றாள். "ஆனால் எங்கட அப்பா அராவின இடத்தை மட்டும் தேய்க்காமல் விடச் சொல்லுங்கோ. நோன்புக் கஞ்சிக்கு இவள் ஆரபி தூக்குச்சட்டியோட வருவாள். வந்து, இது என்ன கீறல் எண்டு உங்களைக் கேக்கட்டும்."